ஒயில் குடித்த புஷ்

அப்பா நீளமான ஸ்குரூட்ரைவர் ஒன்றின் நுனியை அம்மாவின் முழங்கால் சில்லுக்குப் பக்கத்தில் மெல்ல வைத்தார். பிடியைத் தன் காதோடு சேர்த்துக்கொண்டு, "மடக்கு புள்ள… இப்ப நீட்டு" என்றார். நாற்பது வருடமாக நெல் மில் எஞ்சின்களின் பெயாரிங்கை அவர் இப்படித்தான் கேட்டு வந்திருக்கிறார். எஞ்சின் ஓடும்போது இரும்பு வழியே ஏறிவரும் சத்தத்தை வைத்தே எந்தக் குண்டு உடைந்திருக்கிறது, எங்கே கிறீஸ் காய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அம்மாவின் முழங்கால் கறகறவென்றது. ஸ்குரூட்ரைவர் இல்லாமலே அது எனக்கும் கேட்டது.

"கிறீஸ் இல்ல" என்றார் அப்பா. அவர் முகத்தில் இருந்தது தீர்ப்பு அல்ல, கவலை.

அதற்கு முந்தைய வாரம் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "தேஞ்சிட்டு அம்மா, இனி அதிகம் நடக்காதிங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இரண்டு நிமிடப் பேச்சு. அந்த இரண்டு நிமிடம் எங்கள் வீட்டில் நான்கு மாதம் நின்றது. களுவாஞ்சிகுடியிலிருந்து பட்டிருப்புப் பாலம் தாண்டிப் படுவான்கரை வயலுக்குப் போய் வந்த மனுசி, முன்விறாந்தையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கிணற்றடிக்குப் போவதற்குக்கூட யோசித்தார். கேட்டால், "இருக்கிறதையும் ஏன் மனே தேய்ச்சு முடிப்பான்?" என்பார்.

அவருடைய கணக்கில் பிழையில்லை. தேய்மானம் என்ற சொல்லை நாம் செருப்புக்கும் டயருக்கும் பாவிக்கிறோம். செருப்பு நடந்தால் தேயும், நடக்காவிட்டால் தேயாது. முழங்காலும் அப்படித்தான் என்றால், உட்கார்ந்திருப்பதுதான் புத்தி. அந்தச் சொல்லை நம்பி அவர் உட்கார்ந்திருந்த நான்கு மாதத்தில் தொடைத் தசை கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்தது. எழும்ப இன்னும் கஷ்டப்பட்டார். எழும்பக் கஷ்டம் என்பதால் இன்னும் உட்கார்ந்தார். இதை எழுதும்போதும் எனக்கு மனம் ஆறவில்லை. ஏனென்றால் அந்த நாட்களில் அம்மா திரும்பத் திரும்ப ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

"நிண்டாத்தான் மனே பூட்டுது. நடந்தா கொஞ்சம் விட்டுக் குடுக்குது."

நான் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். உராய்வுப் பாடம் ஒவ்வொரு வருடமும் வரும். மரக்கட்டை, பலகை, விற்றராசு. இரண்டு மேற்பரப்புகளுக்கு இடையே ஒரு உராய்வுக் குணகம். அது சுமையைப் பொறுத்ததல்ல, தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல, நேரத்தைப் பொறுத்ததல்ல என்று எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அம்மா சொன்னது நேரத்தைப் பற்றியது. நின்றால் ஒன்று, நடந்தால் வேறொன்று. அதை ஒரு அளவீடாக எடுத்துக்கொள்ள எனக்கு நான்கு மாதம் பிடித்தது.

மூட்டின் உராய்வை எப்படி அளப்பது என்று தேடப் போய்த்தான் ஊசல் கதைக்கு வந்து சேர்ந்தேன். உயிருள்ள ஒருவரின் முழங்காலுக்குள் விற்றராசைக் கொழுவ முடியாது. அதனால் 1930களில் ஷெர்லி ஜோன்ஸ் என்ற ஆங்கில ஆய்வாளர், அறுத்தெடுத்த ஒரு விரல் மூட்டையே ஊசலின் தாங்குபுள்ளியாக வைத்து ஆட்டிப் பார்த்தார். ஊசல் எவ்வளவு நேரம் ஆடுகிறது, வீச்சம் எப்படிக் குறைகிறது என்பதிலிருந்து மூட்டுக்குள் நடப்பதைக் கணிக்கலாம்.

இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. எங்கள் பாடத்திட்டத்தை வைத்துக்கொண்டே இதைப் புரிந்துகொள்ளலாம். இரண்டு எலும்புக்கும் நடுவில் தடித்த திரவப்படலம் ஒன்று ஓடினால், எதிர்ப்பு வேகத்தோடு கூடிக் குறையும். அப்போது வீச்சம் அடுக்குக்குறி முறையில் தணியும்: முதலில் வேகமாக, பிறகு மெல்ல மெல்ல. மேற்பரப்புகள் ஒன்றையொன்று தொட்டு உரசினால் எதிர்ப்பு மாறாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரே அளவு வீச்சம் குறையும், வரைபு நேர்கோடாக இறங்கும். ஜோன்ஸுக்குக் கிடைத்தது வளைகோடு. மூட்டு திரவப்படலத்தில் மிதக்கிறது என்று முடிவு கட்டினார். கால் நூற்றாண்டு கழித்து இங்கிலாந்தின் எலும்பு சத்திரசிகிச்சையாளர் ஜோன் சார்ன்லி அதே சோதனையைக் கணுக்காலில் செய்தார். சுற்றியிருந்த இணையங்களை, அதாவது எலும்பை எலும்போடு கட்டிவைக்கும் நார்களை, வெட்டி அகற்றிவிட்டுச் செய்தார். நேர்கோடு வந்தது. ஜோன்ஸின் வளைகோடு மூட்டிலிருந்து வரவில்லை. இழுபட்டுக்கொண்டிருந்த அந்த நார்களிலிருந்து வந்திருந்தது. எதை அளக்கிறோம் என்று தெரியாமல் அளந்தால் என்ன ஆகும் என்பதற்கு மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

சார்ன்லிக்கு உராய்வில் அக்கறை வந்த விதமும் சொல்ல வேண்டியது. அவரிடம் வந்த ஒருவருக்கு இடுப்பில் அக்ரிலிக் பந்து பொருத்தியிருந்தது. அவர் மேசைக்கு மேலால் குனியும்போதெல்லாம் அது கிரீச்சிடும். மனைவியால் அந்தச் சத்தத்தைப் பொறுக்க முடியவில்லை. சத்திரசிகிச்சையாளர்கள் பலர் அதைக் கேட்டிருப்பார்கள். சார்ன்லி மட்டும் அதை அப்பா பெயாரிங்கைக் கேட்பதுபோலக் கேட்டார். சத்தம் வருகிறதென்றால் உராய்வு இருக்கிறது. உராய்வு இருந்தால் எலும்பில் பதித்த தண்டு நாளடைவில் தளரும்.

இதை அப்பாவிடம் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை விடியற்காலையில் அவரே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு காத்தான்குடி இறைச்சிக் கடைக்குப் போய், அப்போது அறுத்த ஆட்டின் இடுப்பு மூட்டை ஈரத்துணியில் சுற்றி வாங்கிவந்தார்.

பட்டறை வைஸில் தொடையெலும்பைப் பந்து மேலே தெரியும்படி பூட்டினோம். மேலே குழியெலும்பைக் கவிழ்த்து வைத்தோம். குழியோடு ஒரு கம்பிச் சட்டத்தைக் கட்டினோம். சட்டம் வைஸின் இரண்டு பக்கமும் கீழிறங்கி, அடியில் ஐந்து கிலோ எடையைத் தாங்கியது. இப்படி வைத்தால் எடை எப்போதும் குழியைப் பந்தின் மேல் அழுத்திக்கொண்டே இருக்கும். தட்டிவிட்டால் முழுச் சட்டமும் ஊசலாக ஆடும். சவ்வையும் உள்ளிருந்த நாரையும் வெட்டிவிட்டோம். ஜோன்ஸின் பிழையை நாங்கள் செய்யத் தேவையில்லை.

மூட்டைத் திறந்தபோது அப்பா விரலால் அந்தப் பந்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். இளநீல வெள்ளை நிறம். சிப்பியின் உள்பக்கம் போன்ற பளபளப்பு. வாழ்நாள் முழுக்க இரும்பை மினுக்கிய மனிதர் அவர். "லேத்தில இப்படி எடுக்க ஏலாது" என்றார்.

பன்னிரண்டு பாகைக்குச் சாய்த்து விட்டோம். அறுபது ஆட்டத்துக்கு மேல் போனது. கணக்கு சுலபம்: ஒவ்வொரு முழு ஆட்டத்துக்கும் குறையும் கோணத்தை ஆரையனில் எடுத்து, ஊசலின் நீளத்தால் பெருக்கி, பந்தின் ஆரையின் நான்கு மடங்கால் பிரித்தால் உராய்வுக் குணகம். ஆரை ஒன்றேகால் சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு, எடை தொங்கியது முப்பது சென்ரிமீற்றர் கீழே. கணக்குப் போட்டால் 0.02 அளவில் வந்தது. பனிக்கட்டியின் மேல் பனிக்கட்டி வழுக்குவதும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். நல்ல ஆய்வுகூடங்களில் ஆரோக்கியமான மூட்டுக்கு இதைவிடக் குறைவாக, 0.005க்குக் கீழேகூட அளந்திருக்கிறார்கள். பட்டறையில், முப்பது பாகை வெக்கையில், காய்ந்துகொண்டிருக்கும் ஆட்டு மூட்டுக்கு இது போதும்.

பிறகு எனக்கு அம்மாவின் வாக்கியம் நினைவு வந்தது. எடையை அப்படியே தொங்கவிட்டு, ஆட்டாமல், இருபது நிமிடம் விட்டுவைத்தோம். அம்மா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். திரும்பி வந்து தட்டிவிட்டபோது ஊசல் பன்னிரண்டு ஆட்டம் ஆடி நின்றுவிட்டது.

அதே எலும்பு, அதே ஈரம், அதே எடை. ஐந்து மடங்கு உராய்வு. எடையைக் கழற்றி, மூட்டை உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் ஓய விட்டோம். மறுபடி ஐம்பதுக்குக் கிட்ட ஆடியது. அப்பா நம்பவில்லை. மூன்று தடவை செய்யச் சொன்னார். மூன்று தடவையும் அப்படியே.

இது புதிய கண்டுபிடிப்பல்ல. 1959இல் சார்ள்ஸ் மக்கச்சன் எலும்பு நுனியை மூடியிருக்கும் வழுவழுப்பான கசியிழையத்தில் ஒரு துண்டைக் கண்ணாடியின் மேல் அழுத்திவைத்து இதையே கண்டார். முதல் கணத்தில் உராய்வு மிகக் குறைவு. அழுத்தியே வைத்திருந்தால் நிமிடத்துக்கு நிமிடம் கூடும். கொஞ்ச நேரம் தூக்கிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். கசியிழையம் கடற்பஞ்சுபோலத் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கிறது, அழுத்தும்போது அது கசிந்து சுமையைத் தாங்குகிறது என்று அவர் விளக்கினார். 1980இல் வான் மோவும் அவரோடு சேர்ந்தவர்களும் இதற்குக் கணிதம் எழுதினார்கள். கசியிழையத்தின் எடையில் முக்கால் பங்கு அளவு தண்ணீர். அது நுண்ணிய துளைகளுக்குள் சிக்கியிருக்கிறது, சட்டென்று ஓடிவிட முடியாது. அதனால் சுமை விழுந்ததும் அந்தத் தண்ணீரின் அமுக்கமே சுமையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தாங்குகிறது. திண்மத்தோடு திண்மம் உரசுவது மிச்சமுள்ள சிறு பங்கில்தான். நேரம் போகப் போகத் தண்ணீர் மெல்ல வெளியேறும், சுமை திண்மத்தின் மேல் இறங்கும், உராய்வு ஏறும்.

கசியிழையம் என்ற சொல்லை இத்தனை வருடமும் விஞ்ஞானப் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். இந்தியத் தமிழில் குருத்தெலும்பு என்பார்கள், கேட்க அழகான சொல்தான். ஆனால் கசிகிற இழையம் என்று எங்கள் பாடப்புத்தகத்தில் இருந்த சொல்லுக்குள்ளேயே அதன் வேலை ஒளிந்திருந்ததை அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

அப்பாவுக்குக் கணிதம் தேவைப்படவில்லை. அவர் பட்டறையின் மூலைக்குப் போய்ப் பழைய மேசை விசிறி ஒன்றைக் கழற்றி, அதன் அச்சைத் தாங்கும் வெண்கலப் புஷ்ஷை என் உள்ளங்கையில் வைத்தார். பார்த்தால் சாதாரண உலோகம். லைட்டரைப் பற்றவைத்து அதன் பக்கத்தில் காட்டினார். கொஞ்ச நேரத்தில் உலோகத்தின் மேல் ஒயில் வியர்வைபோலத் துளிர்த்தது. லைட்டரை எடுத்தார். ஆறியதும் துளிகள் உள்ளே இழுபட்டன. வெண்கலத் தூளை அழுத்திச் சூடாக்கிச் செய்யும் புஷ் அது. உள்ளே முழுக்கத் துளைகள், துளை நிறைய ஒயில். விசிறி ஓடும்போது கக்கும், நின்றால் குடிக்கும். "ஒயில் குடிச்ச புஷ்" என்பார் அப்பா. அவருக்கு வயது எழுபத்தொன்று. அன்று பகல் முழுக்க அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அதுவரை அம்மாவின் முழங்காலை அவர் குண்டுப் பெயாரிங் என்று நினைத்திருந்தார். பெயாரிங்குக்கு வெளியிலிருந்து கிறீஸ் அடிக்க வேண்டும். இது வேறு வகை.

ஆனால் அம்மாவின் மூட்டு அந்த ஆட்டின் மூட்டுப்போல மினுங்குவதில்லை. அது பழுதடைந்த மூட்டு. அதனால் அடுத்த வாரம் இன்னொரு மூட்டை எடுத்து, பந்தின் உச்சியை சாண்ட்பேப்பரால் லேசாக உரசினோம். பளபளப்புப் போய்ப் பஞ்சுபோல ஆனது. மூட்டுத் தேய்வின் தொடக்கத்தில் மேற்பரப்பு இழை இழையாகப் பிரிவதுபோல.

நான் எதிர்பார்த்தது அது உடனே சிக்கி நிற்கும் என்று. அப்படி நடக்கவில்லை. முப்பத்தைந்து ஆட்டம் ஆடியது. நல்ல மூட்டின் பாதிக்கு மேல். கெட்டது தெரிந்தது நிற்கவைத்த பிறகுதான். இருபது நிமிடம் சுமையோடு விட்டபோது ஏழு ஆட்டத்தில் செத்துவிட்டது. மேற்தோல் கிழிந்த கசியிழையத்தில் தண்ணீர் தங்குவதில்லை. அடைப்பு இல்லாத தோணிபோல ஒழுகிவிடுகிறது. சுமையைத் தாங்க வேண்டிய நீர் சீக்கிரம் போய்விடுகிறது. பழுதான மூட்டை "உராய்வு கூடிய மூட்டு" என்று ஒரே இலக்கத்தில் சொல்வது அதனால் போதாது. நல்ல மூட்டு நிற்பதை நெடுநேரம் மன்னிக்கும். பழுதான மூட்டு மன்னிக்காது. சுமையை மாற்றி மாற்றிக் கொடுத்தால் இரண்டும் வேலை செய்யும்.

அமெரிக்காவின் டெலவெயர் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெரிஸும் அவருடைய மாணவர்களும் அண்மைக் காலத்தில் இன்னொரு படி போனார்கள். கசியிழையத் துண்டைக் கண்ணாடியின் மேல் நிறுத்திவைத்தால் நீர் இழந்து சுருங்கும். அதையே நடக்கும் வேகத்தில் சறுக்கவைத்தால், சுமையை எடுக்காமலே, ஓரத்தின் இடுக்கு வழியாக நீர் திரும்ப உள்ளே ஏறுகிறது. தடிப்பு மீளுகிறது, உராய்வு இறங்குகிறது. அசைவுதான் அதற்குப் பம்பு. கசியிழையத்தில் இரத்தக்குழாய் இல்லை, அதன் சாப்பாடும் மூட்டு நீர் வழியாகத்தான் போக வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நான்கு மாதம் கதிரையில் உட்கார்ந்திருந்த முழங்காலை நினைத்து எனக்கு நெஞ்சு அடைத்தது.

வலி வேறு கதை என்பதையும் நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கசியிழையத்தில் நரம்பு இல்லை. அது தேய்வதை அது உணராது. வலி வருவது மூட்டின் உள்ளுறையிலிருந்தும், கீழேயுள்ள எலும்பிலிருந்தும், சுற்றியுள்ள சவ்வு தசையிலிருந்தும். எக்ஸ்ரேயில் கசியிழையமே தெரியாது. எலும்புகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை வைத்துத்தான் ஊகிக்கிறார்கள். இடைவெளி மோசமாக இருந்தும் நன்றாக நடப்பவர்கள் உண்டு, படத்தில் ஒன்றுமில்லாமல் வலியில் துடிப்பவர்கள் உண்டு. ஆட்டு மூட்டை வைத்து அம்மாவின் வலியை விளக்கிவிட்டேன் என்று நான் சொல்லவில்லை. நடந்தால் தேய்ந்து முடிந்துவிடும் என்ற பயம் பிழை என்று மட்டும் சொல்கிறேன்.

அந்த மாதக் கடைசியில் அம்மாவின் முழங்கால் வீங்கியது. நீர் கோத்துவிட்டது. இம்முறை வேறொரு டொக்டரிடம் போனோம், இளம் பெண். ஊசியால் நீரை எடுத்தார். ஆரோக்கியமான முழங்காலில் இருப்பது ஒரு தேக்கரண்டியும் நிறையாத அளவு, நான்கு மில்லிலீற்றருக்குள்தான். அம்மாவிடமிருந்து ஊசிக்குழாய் நிறைய வந்தது. வைக்கோல் நிறம், தெளிந்திருந்தது. எண்ணெய் வற்றிவிட்டது என்று நாங்கள் அழுதுகொண்டிருந்த மூட்டுக்குள் அவ்வளவு நீர்.

அவர் செய்த அடுத்த காரியத்தை நான் மறக்கமாட்டேன். ஊசிக்குழாயின் நுனியிலிருந்து ஒரு துளியை மெதுவாக விழவிட்டார். துளி உடனே அறுந்து விழவில்லை. கீழே இறங்க இறங்கப் பின்னால் ஒரு நூல் நீண்டது, விரல் நீளத்துக்கு. பலாக்காய்ப் பால் இழுபடுவதுபோல. பிறகு அறுந்தது. "பாத்திங்களா சேர், நூல் வருது. முடக்குவாதம், கிருமி எண்டா தண்ணி மாதிரிச் சொட்டும்" என்றார். விலையுயர்ந்த கருவி எதுவுமில்லை, ஒரு கையும் ஒரு கண்ணும். அதுவும் ஒரு பிசுக்குமை அளவீடுதான். அந்த நூலை உண்டாக்குவது ஹயலூரோனிக் அமிலம் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறு. நல்ல மூட்டு நீரில் ஒரு மில்லிலீற்றருக்கு மூன்று மில்லிகிராம் அளவில் இருக்கும். அழற்சி வந்தால் நீர் கூடும், அமிலம் ஐதாகும், சங்கிலிகளும் துண்டுபடும்.

எனக்கு அப்போது தோன்றியது: நூல் நன்றாக வந்தால் மசகும் நன்றாக இருக்கும். அதுவும் பிழை. 1960களின் கடைசியில் பிராங்க் லின்னும் எரிக் ரேடினும் மூட்டு நீரில் அந்த அமிலத்தை மட்டும் வெட்டும் நொதியத்தைச் சேர்த்தார்கள். நீர் தண்ணீர்போல ஆனது. ஆனால் கசியிழையத்துக்கு அது முன்போலவே மசகாக வேலை செய்தது. புரதத்தை வெட்டும் நொதியத்தைச் சேர்த்தபோது நீர் பிசுக்காகவே இருந்தது, மசகு கெட்டது. பிசுக்கு வேறு, மசகு வேறு. அந்தப் புரதத்தை டேவிட் ஸ்வான் பிரித்தெடுத்தார். லூப்ரிசின் என்று பெயர் வந்தது. கசியிழையத்தின் மேல் ஒரு மெல்லிய மயிர்க் கம்பளம்போல ஒட்டி நிற்கும் அது. நீர் பிழிந்து போன பிறகும் திண்மம் திண்மத்தை நேராகத் தொடாமல் பார்த்துக்கொள்வது அதுதான். அதைச் செய்யும் மரபணு பழுதாகிப் பிறக்கும் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே விரல்கள் மடங்கி, மூட்டுகள் கெடுகின்றன. முழங்கால் இணையம் அறுந்தவர்களின் மூட்டு நீரிலும், காயத்துக்குப் பிந்திய மாதங்களில் லூப்ரிசின் குறைந்திருப்பதை அளந்திருக்கிறார்கள். என் வகுப்பில் பந்தடித்து முழங்கால் முறுக்கிய பெடியன்கள் ஒரு கிழமையில் மைதானத்துக்கு இறங்கும்போது இப்போது நான் மறிக்கிறேன்.

இதற்கிடையில் கொழும்பிலிருந்து வந்த உறவினர் ஒருவர் முழங்காலுக்குக் "கிறீஸ் ஊசி" போடலாம் என்றார். அந்த ஹயலூரோனிக் அமிலத்தைத்தான் ஊசியால் போடுகிறார்கள். சேவல் கொண்டையிலிருந்து எடுப்பதும் உண்டு. அப்பா உடனே சேமிப்புப் புத்தகத்தை எடுத்துவிட்டார். டொக்டர் பிள்ளை பொறுமையாக விளக்கினார்: சிலருக்குச் சுகம் தெரியும்; ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் வலி குறைவது சிறிதளவுதான்; போட்டது உள்ளே நெடுநாள் நிற்பதுமில்லை. "முதலில தொடையைப் பலப்படுத்துவோம், எடையைக் கொஞ்சம் குறைப்போம்" என்றார். சம நிலத்தில் நடக்கும்போதே முழங்காலில் இறங்குவது உடல் எடையின் இரண்டு மூன்று மடங்கு. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் குறைவது அதைப்போல இரண்டு மூன்று கிலோ.

உராய்வு குறைந்தால் தேய்வு குறையும் என்று அப்பா இன்னும் பிடிவாதமாக நின்றார். அவருக்காகத்தான் சார்ன்லியின் மீதிக் கதையைச் சொன்னேன். செயற்கை இடுப்புக்கு அவர் முதலில் தெரிந்தெடுத்தது டெஃப்லோன், நமது தாச்சிகளில் பூசுவது. திண்மப் பொருட்களில் உராய்வு மிகக் குறைந்தவற்றில் ஒன்று. 1958 முதல் ஏறக்குறைய முந்நூறு பேருக்குப் பொருத்தினார். முதலில் அதிசயம்போல நடந்தார்கள். இரண்டு மூன்று வருடத்தில் உலோகப் பந்து டெஃப்லோன் கிண்ணத்தைக் குடைந்துகொண்டு போனது. தேய்ந்த தூள் உடம்புக்குள் அழற்சியை மூட்டியது. அந்தத் தூளைத் தன் தொடையிலேயே ஏற்றிப் பார்த்து, அது கட்டியாவதை அவர் தன் உடம்பில் கண்டார். பெரும்பாலானவர்களைத் திரும்ப அறுக்க வேண்டியிருந்தது. 1962இல் விற்பனையாளர் ஒருவர் வேறொரு பிளாஸ்டிக்குத் துண்டைக் கொண்டுவந்தார். லங்காஷயர் நெசவு இயந்திரங்களின் பற்சில்லுகளுக்குப் பாவிக்கும் பொலித்தீன் வகை. சார்ன்லி அதை மதிக்கவில்லை. அவருடைய பட்டறைத் தொழில்நுட்பவியலாளர் ஹரி கிரேவன் அதைத் தேய்வு இயந்திரத்தில் போட்டு ஓடவிட்டார். டெஃப்லோனைவிட அதன் உராய்வு கூட. ஆனால் நாட்கணக்கில் ஓடியும் அது தேயவே இல்லை என்று சொல்லலாம். அந்த வருடம் நவம்பரிலிருந்து அதுதான். இன்றைக்கும் இடுப்பு, முழங்கால் மாற்றும்போது பெரும்பாலும் அதன் வழிவந்த பொருளைத்தான் வைக்கிறார்கள்.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். மருதமுனையில் அவருக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவரின் தறியில் மரப் புஷ்ஷுக்குப் பதிலாக நைலோன் வைத்துக் கொடுத்தது அவருக்கு நினைவு வந்தது. கொஞ்சம் இறுக்கமாகத்தான் ஓடியதாம். ஆனால் இத்தனை வருடத்தில் மாற்ற வரவில்லையாம். "அந்தப் பட்டறைக்காரப் பொடியன் கெட்டிக்காரன்" என்றார், கிரேவனை. சேமிப்புப் புத்தகம் அலுமாரிக்குத் திரும்பிப் போனது.

உயிரோடு நடப்பவர்களின் உடம்புக்குள்ளேயே அளக்கும் வேலையும் நடக்கிறது. பெர்லினில் செயற்கை மூட்டுக்குள்ளே உணரிகளை வைத்துப் பொருத்தி, மனிதர் நடக்க நடக்கச் சுமையை வெளியிலிருந்து வாசிக்கிறார்கள். இடுப்பு மூட்டின் உராய்வையே நடையின்போது அளந்து 2013இல் வெளியிட்டார்கள். ஆனால் அவை செயற்கை மூட்டுகள். அம்மாவின் முழங்காலைப்போலப் பிறந்த மூட்டு ஒன்று பழுதாகும்போது உள்ளே உராய்வு எவ்வளவு என்று வாசிக்க இன்னும் ஒரு வழியில்லை. சத்தத்தைக் கேட்பது, நீரை எடுத்துப் பார்ப்பது, படம் பிடிப்பது. அப்பாவின் ஸ்குரூட்ரைவரும் அந்த வரிசையில்தான் வருகிறது. சில்லின் மேல் அதிர்வு உணரியை ஒட்டிக் கறகறப்பைப் பதிவுசெய்யும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்.

அம்மா நடக்கத் தொடங்கியது ஒரே நாளில் அல்ல. முதல் கிழமை வேலிவரை. வலித்தது. பயந்தார். வலி அடுத்த நாள் காலையில் தணிந்திருந்தால் அது பழுதாக்கும் வலியல்ல என்று டொக்டர் சொல்லியிருந்தார். கதிரையில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிடிக்கும் பயிற்சியை அப்பா எண்ணுவார், பிஸ்டன் அடிகளை எண்ணுவதுபோல. திருவலையில் தேங்காய் திருவுவதை அப்பா ஏற்றுக்கொண்டார். குந்தியிருக்கும் வேலை அம்மாவுக்கு இனி இல்லை. அடுப்படியில் ஒரு உயர்ந்த வாங்கு வந்தது. நான் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: ஒரே இடத்தில் நிற்காதிங்கம்மா, சோறு வேகுற நேரத்தில முற்றம் சுத்தி வாங்க. அவர் சிரித்தார். "இதத்தானே மனே நான் முதல்லயே சொன்னன்."

உண்மைதான். அவர்தான் முதலில் அளந்தவர்.

இந்த வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கின் கடைசி நாள், திருக்குளுத்திக்கு அம்மாவும் வந்தார். கோயில் வெளியில் சனம் நெருக்கி நின்றது. கூட்டத்தின் ஓரத்தில் நான் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முதல் கால் மணி நேரம் அசையாமல் நின்றார். பிறகு எடையை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாற்றத் தொடங்கினார். இன்னும் கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் நின்ற மாமியிடம் தட்டைக் கொடுத்துவிட்டு, சனத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, வெளிவீதி மணலில் வேப்பமரம்வரை மெதுவாக நடந்தார். மரத்தைத் தொட்டார். திரும்பி வந்து தட்டை வாங்கிக்கொண்டு பழைய இடத்தில் நின்றார். அப்பா என்னிடம் குனிந்து, "எத்தின நிமிசம்?" என்று கேட்டார். பதினெட்டு என்றேன். போன மாதம் பன்னிரண்டு.